வால் மட்டும் தெரிந்தது

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. முழங்கால் வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. மாடிப்படியில் மட்டும் வீரம் காட்டாதே.

போன ஞாயிறு பேத்தியோடு வனவிலங்குப் பூங்காவுக்குப் போனேன். சிவப்பு பாண்டாவைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போனால், உச்சிக்கிளையிலிருந்து வளையம் வளையமாக ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். வயிற்றுப் பக்கம் கறுப்பு ரோமம் என்பதால் கீழிருந்து பார்க்கும்போது உடம்பு நிழலோடு நிழலாகிவிடுகிறது. பக்கத்தில் நின்றவர் ‘காசு தண்டம்’ என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. அதற்கு இருப்பது மாமிசம் தின்னும் பிராணியின் குடல். தின்பதோ மூங்கில் இலை. அதில் ஏறக்குறைய கால் பங்குதான் செரிக்கும். தூங்காமல் வேறென்ன செய்யும்? குட்டி போட்ட தாய் இன்னும் மோசம். யாராவது எட்டிப் பார்த்தால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த பொந்துக்குப் போய்விடுமாம். அதனால்தான் ஒன்றுக்கு நாலு பெட்டி வைத்துவிட்டு ஆட்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். டார்ஜிலிங் பத்மஜா நாயுடு பூங்காவிலும் இனப்பெருக்கத்துக்கான பாண்டாக்களைப் பார்வையாளர் கண்ணில் படாத தனி இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்களை 2003-இல் சிங்காலிலா காட்டில் விட்டார்கள். நாள் முழுக்க கூட்டத்துக்கு முகம் காட்டிப் பழகிய விலங்கைக் காட்டில் விட்டால் என்ன ஆகும், நீயே சொல். ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிற பூங்காவே எனக்கு நல்ல பூங்கா.

இன்னொரு வேடிக்கை. கறுப்பு வெள்ளைப் பாண்டாவை அறிவியல் உலகம் பதிவு செய்தது 1869-இல். நம் ஆள் 1825-லேயே பதிவாகிவிட்டான். பாண்டா என்ற பெயரும் முதலில் இவனுடையதுதான். பின்னால் வந்த பெரியவர் பெயரையும் எடுத்துக்கொண்டு புகழையும் எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் இரண்டும் நெருங்கிய சொந்தம்கூட இல்லை. நம் அலுவலகத்தில் நடக்காததா!

சாயங்காலம் தீனி வைத்ததும் வால் அசைந்தது. தலை கீழாக மரத்தில் இறங்கி வந்தது, முரளி! பின்னங்கால் கணுக்கால் அப்படியே திரும்பிக்கொள்கிறது. பூனைக்கு வராத வித்தை. இலைக்கொத்தை ஒரு கையால் பிடித்து மெதுவாகத் தின்றது. பேத்தி மூச்சுவிடாமல் பார்த்தாள். பத்தே நிமிடம், மறுபடி மேலே ஏறிவிட்டது.

மழை விட்டதும் நீயும் வா, சாயங்காலமாகவே போகலாம்.

உன்,
சேகர்