ரத்தப் பரிசோதனை முடிவு பாராமல் எரித்ரோபாய்டின் ஊசி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான டயாலிசிஸ் வசதி அரசு மருத்துவமனைகளில் பரவலாகி வருவதையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழை நோயாளிகள் அதனால் பயன்பெறுவதையும் நாளிதழ்களில் தொடர்ந்து படிக்கிறோம். அச்செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் மிகப் பலருக்கு ரத்த சோகைக்காக எழுதித்தரப்படும் எரித்ரோபாய்டின் ஊசியைத்தான் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

நோயாளிகளும் உறவினர்களும், வருத்தத்துடன் சொல்வதானால் மருந்துக் கடைக்காரர்கள் சிலரும், இதனை 'ரத்தம் ஊறுகிற சத்து ஊசி' என்றே எண்ணுகிறார்கள். உடம்பு சோர்வாக இருக்கிறது என்று பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிச் செல்கிறார்கள். சென்ற மாதம் வாரம் இரண்டு போட்டது போதவில்லை என்று இந்த மாதம் மூன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பாராமல் இந்த ஊசியின் அளவை ஒருவர் முடிவு செய்வது ஆபத்தானது என்பதுதான் நான் சொல்ல வந்தது. மற்றவை யாவும் அதிலிருந்து விரிவதே.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் எவ்வளவு உருவாக வேண்டும் என்று உத்தரவிடும் ஹார்மோன் எரித்ரோபாய்டின். வளர்ந்தவர்களிடம் அதன் பெரும்பகுதி சிறுநீரகத்தில் சுரக்கிறது. ஆகவே சிறுநீரகம் பழுதடையும்போது உத்தரவே குறைந்துபோகிறது. உணவைக் கூட்டி இக்குறையை ஈடுசெய்ய முடியாது. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் நிறையக் கொடுத்தால் ரத்தம் ஏறும் என்று வீட்டிலுள்ளவர்கள் அன்போடு ஊட்டிவிடுவதால், டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. எரித்ரோபாய்டினை 1977-இல் முதன்முதலாகத் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்கள் சிகாகோவில் இருந்த யூஜின் கோல்ட்வாசர் குழுவினர். அதற்காக அவர்கள் ஜப்பானில் ரத்த சோகை நோயாளிகளிடமிருந்து சேகரித்த சிறுநீர் சுமார் 2,550 லிட்டர். பின்னர் மரபணுத் தொழில்நுட்பத்தால் அதைத் தயாரிக்கும் வழி பிறந்து, 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதுவரை டயாலிசிஸ் நோயாளிகள் பலர் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினர். அவ்வாறு ஏற்றிக்கொள்ளும் ரத்தம் உடலில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதையே கடினமாக்கும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போர் நிறைந்த நம் மாநிலத்தில் இந்த ஊசியின் அருமை அதனால் மேலும் கூடுகிறது. ஊசிக்கு எதிராக நான் எழுதுவதாக யாரும் கொள்ள வேண்டாம்.

நலமாக இருப்பவருக்கு ஹீமோகுளோபின் 13, 14 கிராம் இருக்கிறதே, நோயாளிக்கும் அதுவரை ஏற்றினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. இதய நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகள் 1,233 பேரிடம் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான ஆய்வு, ரத்தத்தை இயல்பான அளவுக்கு ஏற்றப்பட்ட பிரிவில் மரணமும் மாரடைப்பும் கூடும் போக்கு தெரிந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்விலும், 13.5-ஐக் குறிவைத்தவர்கள் 11.3-ஐக் குறிவைத்தவர்களைவிட அதிகம் பாதிக்கப்பட்டனர். நமக்கு மிகவும் நெருக்கமானது 2009-இல் வெளியானது. சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் ஒருங்கே உள்ளவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபெற்ற அந்த ஆய்வில், ஹீமோகுளோபினை 13 வரை ஏற்ற முயன்ற பிரிவில் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சர்க்கரை நோயால் சிறுநீரகத்தை இழப்போர் மிகுந்த தமிழ்நாட்டில் இந்த ஒரு முடிவையாவது ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்தின் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

இவற்றில் முந்தைய ஆய்வுகளின் விளைவாக 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்தின் குறிப்பேட்டில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம்கட்டிச் சேர்க்கச் செய்தது. 2009 ஆய்வுக்குப் பின், 2011-இல் அதை மேலும் இறுக்கியது. இதன் சாரம் எளியது: டயாலிசிஸ் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருக்கும்போது தொடங்குவது, 11-ஐ நெருங்கும்போது அளவைக் குறைப்பது அல்லது நிறுத்திவைப்பது, ரத்தம் ஏற்றும் தேவையைத் தவிர்க்க எது போதுமோ அந்தக் குறைந்தபட்ச அளவையே கொடுப்பது. பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல்களும் பொதுவாக 11.5-ஐத் தாண்டிக் கொண்டுசெல்ல வேண்டாம் என்றே 2012-இல் கூறின. எண் எவ்வளவு என்பதைப் போலவே எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதும் முக்கியம். இரண்டு வாரத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறினால் அளவைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எந்த மருத்துவராலும் செய்ய இயலாது.

நோயாளிகள் தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்வதற்குப் பொறுமையின்மையும் ஒரு காரணம். ஊசி போட்ட மறுநாளே தெம்பு வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். மஜ்ஜையில் புதிய அணுக்கள் முதிர்ந்து ரத்தத்தில் கலக்க நாள்கள் பிடிக்கும். ஹீமோகுளோபின் கண்கூடாக ஏற இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே அளவைக் கூட்டுவதென்றால் நான்கு வாரமாவது பொறுத்திருந்தே கூட்ட வேண்டும். இரண்டே வாரத்தில் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று தாமாகவே இரட்டிப்பாக்குபவர்களுக்கு, இரண்டு அளவுகளின் விளைவும் பின்னர் சேர்ந்தே வந்து நிற்கிறது.

உண்மையிலேயே வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே காரணமாக இருக்கும். உலை கொதிக்கும்போது வீட்டில் அரிசி இல்லாததைப் போன்றது அது: மஜ்ஜைக்கு உத்தரவு போய்ச் சேர்ந்தும் ஹீமோகுளோபின் கட்ட இரும்பு இருக்காது. உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்று காட்டும் பெரிட்டினும், ரத்தத்தில் எடுத்துச் செல்லப்படும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்பெரின் செறிவும் பார்த்த பின்னரே எரித்ரோபாய்டினைத் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். பெரிட்டின் 100-க்குக் கீழோ, செறிவு 20 விழுக்காட்டுக்குக் கீழோ இருந்தால் முதலில் இரும்பைக் கொடுத்தாக வேண்டும். மாத்திரையாக எடுப்பவர்கள் அதைத் தேநீருடனோ, பாஸ்பரசைக் குறைப்பதற்காகத் தரப்படும் கால்சியம் மாத்திரையுடனோ சேர்த்து விழுங்கினால் பலன் குறைந்துவிடும். நரம்பு வழியே ஏற்றும் இரும்பு ஊசி அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால், அதை மருத்துவமனையில் மட்டுமே செலுத்திக்கொண்டு அரை மணி நேரமாவது அங்கேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரும்பும் போதுமான அளவில் இருந்து, ஊசியும் ஒழுங்காகப் போட்டும் ரத்தம் ஏறாவிட்டால் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் பொருத்திய குழாயில் கிருமித் தொற்று, உள்ளே எங்கேனும் ரத்தக் கசிவு, டயாலிசிஸ் போதாமை என்று தேட வேண்டியவை வேறு உள்ளன. ஊசியைக் கூட்டிக்கொண்டே போவது அந்தத் தேடலைத் தள்ளிப்போடும்.

அடுத்தது, மருந்து வீடு வந்துசேரும் வழி. எரித்ரோபாய்டின் ஒரு புரதம்; 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில், வெளிச்சம் படாமல், உறையாமல், குலுக்காமல் வைக்கப்பட வேண்டும். மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ 40 டிகிரி வெயிலில் இரண்டு பேருந்து மாறி, மஞ்சள் பையில் காய்கறியோடு கொண்டுபோகப்படும் குப்பியில் வீரியம் எவ்வளவு மிஞ்சும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதற்கு அஞ்சிப் பனிக்கட்டியின் மேலேயே வைத்து எடுத்துச் செல்பவர்களும் உண்டு. ஒருமுறை உறைந்த மருந்தை உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது. குளிர்காப்புப் பையில் பனிப் பொதியின் மேல் துணி சுற்றி, மருந்து அதை நேரடியாகத் தொடாதவாறு வைப்பதே முறை. வீட்டில் ஃப்ரீசருக்கு அடியிலும் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத்தட்டு போதும்.

அளவெடுப்பதில் நேரும் பிழை இன்னும் கவலைக்குரியது. சர்க்கரை நோயாளி வீட்டில் இன்சுலின் சிரிஞ்சு இருக்கும். அதில் யூனிட் என்று போட்டிருக்கும். எரித்ரோபாய்டின் குப்பியிலும் யூனிட் என்றே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. சிரிஞ்சில் உள்ள கோடுகள் இன்சுலினுக்காக மட்டும் வகுக்கப்பட்டவை. ஒரு மில்லியில் 4,000 யூனிட் உள்ள குப்பியிலிருந்து 2,000 யூனிட் எடுக்கச் சிவப்பு மூடியுள்ள 'U-40' வகைச் சிரிஞ்சில் இருபதாவது கோடு வரை இழுக்க வேண்டும். ஆரஞ்சு மூடியுள்ள 'U-100' வகைச் சிரிஞ்சில் அதே இருபதாவது கோட்டில் நிறுத்தினால் உள்ளே போவது 800 யூனிட்தான். போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்தின் 4,000 யூனிட் ஒரு மில்லியிலும், இன்னொன்றினுடையது 0.4 மில்லியிலும் அடங்கியிருக்கும். முன்கூட்டியே நிரப்பப்பட்ட சிரிஞ்சு கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்குவது நல்லது. ஒருமுறைப் பயன்பாட்டுக்கான குப்பியில் பாதியை எடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரத்துக்கு என்று எடுத்துவைப்பது சிக்கனமாகத் தோன்றலாம். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் சேர்க்கப்படுவதில்லை என்பதால் அது கூடாது.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்த ஊசியைப் போடவே கூடாது. சிகிச்சையின் முதல் சில மாதங்களில் அழுத்தம் ஏறுவதும், சிலருக்கு வலிப்பு வருவதும் அறியப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போதல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், டயாலிசிஸுக்காகக் கையில் அமைத்த பிஸ்டுலா என்னும் ரத்தநாள இணைப்பில் தொட்டால் உணரப்படும் அதிர்வு நின்றுபோதல் ஆகிய எதுவாயினும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிதான மற்றொன்றும் உண்டு. 1998-க்குப் பின் சில ஆண்டுகள், அமெரிக்காவுக்கு வெளியே விற்கப்பட்ட ஒரு வகை எரித்ரோபாய்டினின் சேர்மானம் மாற்றப்பட்டதைத் தொடர்ந்து, தோலுக்கடியில் அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு அம்மருந்தையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றி, சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. நன்றாக ஏறிவந்த ஹீமோகுளோபின் காரணமின்றி மடமடவென்று இறங்கினால் ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேறு நிறுவனத்தின் ஊசிக்கு மாறுவது உதவாது.

இதை முன்னிட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் ஒன்றன்று. கர்ப்பிணிகளுக்குக் கையேடு இருப்பதைப்போல், எரித்ரோபாய்டின் பெறும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஓர் அட்டை கொடுக்கலாம். தேதி, ஹீமோகுளோபின், பெரிட்டின், ரத்த அழுத்தம், மருந்தின் வணிகப் பெயர், தொகுதி எண், அளவு மில்லியில் எவ்வளவு என்ற கட்டங்கள் அதில் இருந்தால் போதும். வணிகப் பெயரும் தொகுதி எண்ணும் குறிக்கப்படாவிட்டால், பின்னர் ஒருவருக்குத் தீங்கு நேரும்போது எந்தத் தயாரிப்பால் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியிராது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதே வருகையில் இந்த அட்டையையும் ஒருமுறை பார்த்து, அழுத்தம் கூடியிருந்தால் ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்கச் சொல்லலாம். தனியார் மருந்துக் கடைகளைப் பொறுத்தவரை, ஒரு மாதத்துக்குள் எடுத்த ஹீமோகுளோபின் முடிவைக் காட்டாதவருக்கு இந்த ஊசியை மீண்டும் வழங்கக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், தட்டிக்கேட்க முடியாமல் தவிக்கும் நேர்மையான கடைக்காரருக்கும் அது கைகொடுக்கும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
திருநெல்வேலி.