உச்சந்தலையை இன்னொரு தடவை பார்

அன்புள்ள கண்ணம்மா,

நீ மகாராஷ்டிராவின் மேல்காட் புலிகள் காப்பகத்திலிருந்து அனுப்பிய மூன்று படங்களையும் நேற்று இரவே பார்த்துவிட்டேன். "அப்பா, காட்டுச் சிற்றாந்தை கிடைச்சிடுச்சு" என்று எழுதியிருந்தாய். படத்தைத் திறப்பதற்குள் எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அது அந்த அரிய பறவை இல்லை, சாதாரணமாகப் பார்க்கிற புள்ளி ஆந்தைதான்மா. உன்னிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி உச்சந்தலையை மட்டும் பார். நெற்றியிலிருந்து பின்மண்டை வரை நொய்யரிசி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். காட்டுச் சிற்றாந்தைக்கு அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். மிஞ்சிப்போனால் உற்றுப் பார்த்தால் தெரிகிற மங்கலான புள்ளிகள். முதல் படத்தில் புள்ளியே இல்லையே என்று கேட்பாய். வெயில் நேராகத் தலையில் விழுந்து அந்த இடத்தை வெளுக்க வைத்துவிட்டது. உன்னை ஏமாற்றியது அந்தப் படம்தான்.

அப்புறம் மார்பு. உன் பறவைக்குப் பழுப்புத் திட்டுகள் வயிறு வரை சிதறிக் கிடக்கின்றன. காட்டுச் சிற்றாந்தைக்கு மார்பு முழுக்க அடர்பழுப்பு, அதற்குக் கீழே நடுவயிறு தூய வெள்ளை. கால்களில் விரல் வரைக்கும் வெள்ளை இறகு அடர்ந்திருக்கும். அலகும் தலையும் உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். வாலில் பட்டைகள் அகலமாக இருக்கும். அளவை நம்பாதே. புள்ளி ஆந்தையின் 21 செ.மீ.க்கும் இதன் 23 செ.மீ.க்கும் உள்ள வித்தியாசம் மரக்கிளையில் யாருக்குத் தெரியும்?

பகலில் உட்கார்ந்திருந்தது என்பதையும் ஒரு சான்றாக எழுதியிருந்தாய். அது மட்டும் போதாது. புள்ளி ஆந்தையும் பகலில் பொந்து வாசலில் வந்து உட்காரும். காட்டுச் சிற்றாந்தை பகலிலேயே வேட்டையாடும், இலையில்லாத உச்சிக் கிளையில் வெட்டவெளியாக உட்காரும், வாலைப் பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆட்டும். குரலும் வேறு. புள்ளி ஆந்தைகள் ஜோடியாகச் சேர்ந்து சண்டை போடுவது போலக் கத்தும். காட்டுச் சிற்றாந்தையின் குரலோ குழல் ஊதுவது மாதிரி மென்மையானது.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1873-இல் ஹ்யூம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் காட்டுச் சிற்றாந்தைக்குப் பெயர் வைத்தார். 1884-க்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக நம்பகமான பதிவு ஒன்றுகூட இல்லை. நடுவில் மைனர்ட்ஷாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1914-இல் குஜராத்தில் ஒன்றைப் பிடித்ததாகச் சொன்னார். உண்மையில் அது வேறொருவர் முன்பே சேகரித்த பறவை. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, மறுபடி பதப்படுத்தி, பொய்ச் சீட்டு ஒட்டியிருந்தார். அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் பொய்ப் பதிவுகளைத் தள்ளிவிட்டு, பழைய உண்மையான இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பென் கிங், டேவிட் அபாட்டுடன் தேடிப் போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதாவுக்குப் பக்கத்தில் பறவை கிடைத்தது. 113 வருஷம்! பார்த்த உடனே அவர் கவனித்தது என்ன தெரியுமா? தலையில் புள்ளி இல்லை என்பதைத்தான்.

அதனால்தான் ஒரு தவறான பதிவைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. அது அடுத்து வருபவரைத் தவறான காட்டுக்கு அனுப்பிவிடும்.

நீ இருப்பது சரியான இடம். மேல்காட்டில் அது உண்மையிலேயே இருக்கிறது. மராத்தியில் புள்ளி ஆந்தை பிங்களா, இது ரான்பிங்களா. அங்கே உள்ளவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேள். காலை வெயில் ஏறிய பிறகு தேக்குக் காட்டின் ஓரமாகப் போய்ச் சும்மா உட்கார். பதிவுசெய்த குரலை மட்டும் போட்டுக் கூப்பிடாதே. எண்ணிக்கையில் குறைந்துபோன பறவை, அதன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அலைக்கழிய வேண்டாம்.

கிடைத்தால் தலைக்கு ஒரு படம், காலுக்கு ஒரு படம் எடு. மங்கலாக வந்தாலும் அழிக்காமல் அப்படியே அனுப்பு. எந்நேரமானாலும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா