புயல் போன பிறகும் கிளம்பாத விமானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பனிப்புயல்களில் விடுமுறைப் பயணிகள் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை நெடுக ‘புயலால்’, ‘புயலால்’ என்றே எழுதியிருந்தது உறுத்தியது. முப்பத்து நான்கு வருட ரயில்வே வேலையில் பெரும்பகுதியை, வண்டிகளின் ஓட்டத்தைக் கவனித்து நடத்தும் மதுரைக் கோட்டத்தின் கன்ட்ரோல் அறையில் கழித்தவன் நான். வண்டி ஏன் நின்றது என்பதற்கு ஒரு காரணம், ஏன் மறுபடி கிளம்பவில்லை என்பதற்கு வேறொரு காரணம் என்று தனித்தனியே எழுதிப் பழகிய கை இது.

2022 டிசம்பரில் நானும் மனைவியும் டென்வரில் மகள் வீட்டில் இருந்தோம். 21-ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு வெளியே ஐந்தரை டிகிரி செல்சியஸ். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். ஐந்து மணிக்கு மைனஸ் 15. மறுநாள் காலை மைனஸ் 31 வரை இறங்கியது. வாசலில் நின்று மூச்சை இழுத்தால் மூக்கு முடி உறைந்து முள்ளாகக் குத்துகிறது. கார்க் கதவின் ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது துணி கிழிவதுபோல் சத்தம் போட்டது. அன்று டல்லாஸுக்கு, மகன் வீட்டுக்கு, நாங்கள் போகவேண்டிய விமானம் ரத்தானது. 24-ஆம் தேதிதான் கிளம்பினோம். இதில் எனக்குக் கடுகளவும் குறை இல்லை. அது புயலின் கணக்கு.

அன்று ஜன்னல் வழியே பார்த்ததையும் சொல்கிறேன். லாரி ஒன்றின் நீண்ட கைமேல், கூண்டுக்குள் நின்ற ஓர் ஆள் முதலில் ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாக இறக்கையில் பீய்ச்சினார். பனிக்கட்டி வழிந்து விழுந்தது. பிறகு பச்சை நிறத்தில், பாகு பதத்தில் இன்னொன்று. இந்தப் பச்சைப் பூச்சு தாக்குப்பிடிப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் விமானம் மேலே ஏறாவிட்டால் மறுபடி ஆரஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் குளிரில் ஆட்களையும் மாற்றி மாற்றித்தான் வெளியே நிறுத்த முடியும். தாமதம் ஆகாமல் என்ன செய்யும்?

புயலை லேசாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். பஃபலோ நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் சாலையில் புதைந்த காருக்குள்ளேயே. அங்கே விமான நிலையத்தை மூடியதைக் குறை சொல்பவன் மனிதனே அல்ல. நம் ஊரில், 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸைச் சுமார் 800 பயணிகளோடு நிறுத்தி வைத்தார்களே, அப்பாலே தண்டவாளத்தின் அடியில் ஜல்லியையே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நிறுத்தியதால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

என் கேள்வி, புயல் போன பிறகு நடந்ததைப் பற்றியது. 26-ஆம் தேதி மற்றப் பெரிய விமான நிறுவனங்கள் ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டன. சௌத்வெஸ்ட் மட்டும் அன்றைய விமானங்களில் சுமார் 70 சதவீதத்தை ரத்து செய்தது. மாத முடிவில் கணக்குப் பார்த்தால் சுமார் 16,900 விமானங்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள். டல்லாஸில்தான் அதன் தலைமையகம். அங்கே வேறு செய்தியே இல்லை. “புயலுக்கு யார் என்ன செய்ய முடியும், மாமா?” என்றாள் மருமகள். “புயல் போய்விட்டதே அம்மா, பக்கத்து வரிசை விமானங்கள் பறக்கின்றனவே” என்றேன்.

அந்த நிறுவனத்தின் விமானங்கள் ஒரு பெரிய நிலையத்துக்குப் போய்த் திரும்புபவை அல்ல. பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் தொடர்ந்து ஓடுபவை. டென்வரில் சங்கிலி அறுந்தால் விமானம் ஓர் ஊரில், பைலட் வேறோர் ஊரில். அவர்களைச் சேர்த்து வைக்க வேண்டிய பழைய கம்ப்யூட்டர் முறை, அத்தனை மாற்றங்களைத் தாங்காமல் திணறியது. ஊழியர்கள் போனிலும் கையாலும் கணக்குப் போட்டார்கள். “நான் இந்த ஊரில் இருக்கிறேன், வேலைக்குத் தயார்” என்று சொல்வதற்கே பைலட்டுகளும் பணிப்பெண்களும் மணிக்கணக்கில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சிரிக்கக்கூடாதுதான். எங்களிடம் கலர் பென்சிலும் சார்ட்டும் இருந்த காலத்தில்கூடத் திருச்சி ரன்னிங் ரூமில், அதாவது ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில், எந்த டிரைவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுப்பலாம் என்பது தெரியும். வீட்டில் இருந்தால், வேலைக்கு அழைக்கும் ஆளான ‘கால் பாய்’ சைக்கிளில் போய்க் கதவைத் தட்டுவார். வண்டி தொலைந்தாலும் ஆள் தொலையக்கூடாது என்பார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த கன்ட்ரோலர்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பணம் இருக்கிறது. வானிலையால் ரத்து என்றால் பயணிக்கு இழப்பீடு தரவேண்டியதில்லை என்பது நம் நாட்டு விதியிலும் உண்டு. அங்கேயும் ஓட்டல், சாப்பாட்டுச் செலவெல்லாம் யார் தவறு என்பதைப் பொறுத்துத்தான். அந்த நிறுவனத்துக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023 டிசம்பரில் 14 கோடி டாலர் அபராதம் விதித்தது புயல் அடித்ததற்காக அல்ல.

இதோ, டெல்லியில் மூடுபனிக் காலம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. ‘பனியால் விமானங்கள் ரத்து’ என்று தலைப்புப் போடும் முன், பனி எத்தனை மணிக்கு விலகியது, பக்கத்து நிறுவனம் எத்தனை மணிக்குப் பறந்தது என்ற இரண்டு கேள்விகளையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே கன்ட்ரோலர்,
மதுரை