முதல் தண்ணீர் உனக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினோரு நாளாக நீ என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டேன்', 'தூங்கப் போறேன்' என்று இரண்டு வார்த்தை வருகிறது. நான் போன் செய்தால் அடித்து அடித்து நின்றுபோகிறது. உன் கோபம் நியாயம்தான். போனில் பேசினால் நடுவில் நான் ஏதாவது வாதம் பண்ண ஆரம்பித்துவிடுவேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கடையை எட்டரைக்கே சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ தங்கிப் படிக்கிற ஜப்பானின் மட்சுமோட்டோவில் இப்போது நள்ளிரவு பன்னிரண்டு. காலையில் பள்ளிக்கூடம் போகும்முன் படிப்பாயோ என்னவோ.

அந்த மெயிலை நான் அனுப்பியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது.

அன்று ராத்திரி நீ அழுதாய். 'குளியலறைக் கதவுல பேப்பர் ஒட்டியிருக்காங்கப்பா, எல்லாரும் பாக்குற மாதிரி' என்றாய். போட்டோவும் அனுப்பினாய். அதில் என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: தொட்டியின் அடைப்பான் மேல் போட்டிருந்த சிவப்புப் பெருக்கல் குறி. பதினாறு வயசுப் பெண்ணை இத்தனை தூரம் அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு அது போதும். உடனே உன்னை அந்த வீட்டில் தங்கவைத்த மாணவர் பரிமாற்ற அமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். என் மகளை அவமானப்படுத்துகிறார்கள், வேறு வீடு பாருங்கள் என்று. இங்கிலீஷில் எழுதியதால் இன்னும் கடுமையாகப் போய் விழுந்திருக்கும். எனக்கு மரியாதையான இங்கிலீஷ் வராது, உரக்கம்பெனிக்குப் புகார் எழுதுகிற இங்கிலீஷ்தான் வரும்.

மறுநாள் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'உங்கள் மகள் இதை அந்த வீட்டு அம்மாவிடம் சொன்னாளா?' அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருக்கல் குறிக்குக் கீழே நாலு முகம் வரைந்திருக்கிறது, பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண். நாலாவதுக்குக் கண்ணாடி, அது ஒதோசான், அந்த வீட்டு அப்பா. மூன்றாவது ஒக்காசான், அந்த வீட்டு அம்மா. இரண்டாவது அந்தப் பொடியன். முதல் முகத்துக்கு இரட்டைச் சடையும் நெற்றியில் ஒரு பொட்டும். நீ அதைப் பார்த்தாயா பாப்பா? நான் பார்க்கவில்லை. அம்மாதான் காட்டினாள். காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அது திட்டியதைவிட மோசம்.

அந்த வீட்டில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சுத்தமான பிறகுதான் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். நாற்பது டிகிரிக்கு மேல் சூடு. ஒருவர் எழுந்ததும் சூடு போகாமல் மூடி போட்டு வைத்தால், அதே தண்ணீரில் அடுத்தவர். மிச்சம் இருப்பதை மறுநாள் சின்ன பம்பு வைத்து வாஷிங் மெஷினுக்கு ஏற்றுகிற வீடுகளும் உண்டாம். தொட்டி ஏறக்குறைய இருநூறு லிட்டர், நம் கணக்கில் பதின்மூன்று குடம். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான் முதல் தண்ணீர். அதை நீ குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். ஏன் என்று எனக்குப் புரிகிறது. நாம் குளித்த தண்ணீரை இன்னொருத்தருக்கு வைத்துவிட்டு வருவதா என்ற கூச்சம். நீ மரியாதை என்று நினைத்துத்தான் செய்தாய். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வேலையிலிருந்து வருகிற அந்த மனுஷருக்குக் காலித் தொட்டி. இரண்டு வாரம் அந்த அம்மா சத்தமில்லாமல் மறுபடி நிரப்பியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் படம் வரைந்தார்.

இதையெல்லாம் சென்னையில் நடந்த ஓரியண்டேஷனிலேயே சொன்னார்களாம். நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். நான் கடைக்கு வந்த லோடு பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். நீ என்ன செய்துகொண்டிருந்தாயோ.

எச்சில் தண்ணீர் என்று அருவருக்கவும் நமக்கு வாய் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் தாத்தா தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியில் நீயும் சித்தப்பா பிள்ளைகளுமாக ஆறு பேர் ஒரே நேரத்தில் கிடந்தவர்கள்தானே? இறங்கும்முன் குழாயடியில் கால் கழுவச் சொல்லி தாத்தா கத்துவார். அந்தத் தண்ணீர் அப்படியே முருங்கைக்குப் போகும்.

சரி, இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் பிளஸ் டூ படித்தது திண்டுக்கல்லில் பெரியம்மா வீட்டில் தங்கி என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்குப் பசி அடங்கியதே இல்லை. அவர் போடாமல் இல்லை, நான் கேட்கமாட்டேன். மூன்றாவது தோசை வேண்டும் என்று சொல்ல அவ்வளவு வெட்கம். ஒருநாள் லைட்டை அணைக்கவில்லை என்று பெரியம்மா திட்டினார். நான் அதைப் பெரிதாக்கி ஊருக்குக் கடிதம் போட்டேன். தாத்தா அடுத்த பஸ்ஸில் வந்து, வாசலில் நின்றபடியே சத்தம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பெரியம்மா என்னை ஒருநாளும் திட்டவில்லை. லைட் எரிந்தால் அவரே வந்து அணைத்துவிட்டுப் போவார். 'சாப்பிடறியாப்பா' என்பார், 'வாடா கொட்டிக்க' என்று கூப்பிட்டது நின்றுபோனது. அண்ணன்மாரைத் திட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். மிச்சமிருந்த ஒரு வருஷமும் அந்த வீட்டில் நான் விருந்தாளி.

மெயில் போன பிறகு ஒக்காசான் லீவு போட்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கப் போனார், வந்ததும் அந்தப் பேப்பரைக் கிழித்துவிட்டார், இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் 'பரவாயில்லை, பரவாயில்லை' என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் திண்டுக்கல் வாசல் ஞாபகமாகவே இருக்கிறது. தாத்தா செய்ததை நானும் செய்துவிட்டேன்.

நீ தேர்வான அன்று, 'அந்த வீட்டுக்கு மாசம் எவ்வளவு கொடுக்கணும்' என்று நான் கேட்டதற்குச் சிரித்தார்கள். நாம் கட்டியதில் ஒரு பைசாகூட அந்த வீட்டுக்குப் போகவில்லை. சும்மா கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று இந்த வாரம்தான் படித்தேன். ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு முதல் உலகப் போரில் பிரான்சில் அடிபட்ட சிப்பாய்களை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன அமெரிக்கத் தன்னார்வலர்கள் தொடங்கியது. இரண்டாம் போரிலும் ஓட்டியிருக்கிறார்கள். அது முடிந்ததும், 1947இல், வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து வீடுகளில் தங்கவைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களுக்கு இப்படித் தோன்றியிருக்கிறது. எனக்கு ஒரு சிவப்பு மைக் குறியைப் பார்த்ததும் வீட்டை மாற்றத் தோன்றியது.

ஒருங்கிணைப்பாளருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். ஒக்காசானுக்கு நான் எழுதுவதா வேண்டாமா என்பதை நீ சொல். நீ நேரில் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. உன் ஜப்பானியம் தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் என் இங்கிலீஷ் அளவுக்கு முரட்டுத்தனம் இருக்காது. அந்தப் பேப்பரை மறுபடி வரைந்து தரச் சொல்லிக் கேள். அதற்குப் பிறகு ஒருநாள் ஏதாவது ஒன்றுக்கு அவர் உன்னைத் திட்டினால் எனக்குப் போன் பண்ணிச் சொல். சந்தோஷப்படத்தான் கேட்கிறேன், மெயில் அனுப்ப மாட்டேன்.

காலையில் கிளம்பும்போது 'இத்தெகிமாஸ்' என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றாயே, அதற்கு அர்த்தம் 'போயிட்டு வர்றேன்' என்று. அச்சு அசல் நம் வார்த்தை. ஏர்போர்ட்டில் 'போறேன்ப்பா' என்று சொன்னதற்கு அம்மா உன் வாயைப் பொத்தி, 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்றாள். அங்கேயும் தினமும் அதைக் கேட்டு வழியனுப்ப ஒரு ஆள் இருக்கிறார் என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை. முட்டையில் சர்க்கரை போட்டு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறார் என்பதில் மட்டும் முழுப் பொறாமை. 'அது ஒரு முட்டையா' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

வில்வித்தைக் கிளப்பில் இன்னும் ரப்பர் கட்டிய குச்சியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாயா? நிஜ வில் எப்போது கையில் தருவார்கள் என்று எழுது. அந்தக் கறுப்புக் கோட்டைக்குள் ஏறிப் பார்த்தாயா? படிகள் ஏணி மாதிரி செங்குத்து என்று படித்தேன், சாக்ஸ் காலோடு பார்த்து இறங்கு.

இன்னும் இரண்டு வாரத்தில் தீபாவளி. சூட்கேஸின் ஓரத்தில் சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய் வைத்ததாக அம்மா சொல்கிறாள். எண்ணெய்க் குளியல் என்றால் என்னவென்று ஒக்காசானிடம் முன்னாலேயே சொல்லிவிடு, ஆச்சரியப்பட மாட்டார். டிசம்பரில் வருஷத்தின் மிகக் குட்டையான பகல் வரும் அன்று அவர்களும் யூசு என்று எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிப்பார்களாம். சீயக்காய் வேண்டாம், வடிகால் வலையை அடைக்கும், ஷாம்பூவே போதும். வெளியே உட்கார்ந்து இரண்டு தடவை தேய்த்து அலசு. எண்ணெய்த் தலையோடு தொட்டிக்குள் இறங்கித் தொலைக்காதே. அன்றைக்கு மட்டும் வரிசையை மாற்றிக்கொண்டு ஒதோசானுக்கும் பின்னால் கடைசியாகப் போ. முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவதா, துணிக்கு வைப்பதா என்று ஒக்காசானைக் கேட்டுக்கொள்.

அப்பா