பிளாஷை ஏன் சீலிங்கைப் பார்த்து அடிக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தை, மாசி முகூர்த்தங்களுக்கு போட்டோ புக்கிங் செய்ய வருகிறவர்கள் பலர் கேட்பது இதைத்தான்: "ஆளைப் பார்த்து அடிக்காமல் மேலே அடித்தால் வெளிச்சம் வீணாகாதா?"

வீணாகாது. நேராக அடித்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவதுபோல மினுங்கும், பட்டுப்புடவையின் ஜரிகை வெளுத்துப்போகும், பின்சுவரில் கறுப்பாக நிழல் விழும். வெள்ளை சீலிங்கில் பட்டு இறங்கும் வெளிச்சம் பெரிய ஜன்னல் வழியாக வருவதுபோல மென்மையாக இருக்கும். புடவையின் நெசவுகூடத் தெரியும்.

தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் கால் பங்காகிவிடும். 5 அடியில் நிற்கும் மாமா பளிச்சென்று இருப்பார், 10 அடியில் நிற்கும் தாத்தா இருட்டில் இருப்பார். குரூப் போட்டோவில் "நெருங்கி நில்லுங்க" என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

தாலி கட்டும் நேரம்தான் எங்களுக்குப் பெரிய சவால். கேமராவிலிருந்தே பிளாஷ் அடித்தால் முன்னால் எழும் ஹோமப் புகைதான் முதலில் வெளிச்சம் வாங்கும். முகங்கள் அதற்குப் பின்னால் மங்கிவிடும். அதனால் மேடையின் பக்கவாட்டில் ஸ்டாண்டில் ஒரு பிளாஷ் வைக்கிறோம். கூட்டத்தில் யாராவது அதை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த ஸ்டாண்டை மட்டும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்சதை அரிசி ஒவ்வொன்றும் அந்தரத்தில் நிற்பதுபோலப் படத்தில் தெரிவது அந்த பிளாஷால்தான். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் அது மின்னி அணைந்துவிடும்.

அப்புறம், டெகரேஷன். மேடைக்கு மேலே பச்சை, சிவப்புத் துணி கட்டினால் அந்தச் சாயம் மணப்பெண் முகத்தில் இறங்கும். கம்ப்யூட்டரில் ஓரளவு திருத்தலாம், ஆனால் தோலின் இயல்பான நிறம் முழுதாகத் திரும்பாது. மேலே வெள்ளை அல்லது கிரீம் துணி போதும் என்று டெகரேஷன்காரரிடம் சொல்லுங்கள். கலர் துணிதான் வேண்டுமா, சரி, எங்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக் குடைகளோடு வருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மண்டபம் முடிவானதும் மேடையும் சீலிங்கும் தெரிய ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டூடியோ குழுவினர்