இந்தப் பொங்கலுக்கு உன் லிஸ்ட் வரல தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ வேகமா ஓட விட்டு கேட்டுட்டு கட்டைவிரல் படம் ஒண்ணு போட்டுட்டு போயிடுற, அதான் இந்தத் தடவ மெயில்ல டைப் பண்றேன். மாடி வீட்டு பொண்ணுதான் தமிழ் கீபோர்டு போட்டுக் குடுத்துச்சு. மூணு நாளா மத்தியானத்துல கொஞ்சம் கொஞ்சமா அடிக்கிறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

பொங்கல் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, நாம வருஷா வருஷம் போடுற கார்ட்டூன் பட லிஸ்ட்ல உன்னோடது வரல. காலண்டர் அட்டைய எடுத்து பின்னாடி மூணு கட்டம் போட்டு, அப்பா, அம்மா, தம்பின்னு எழுதி வச்சிட்டேன். அப்பா போகி அன்னிக்கே அவரோடத சொல்லிட்டாரு. என்னோடதும் எழுதியாச்சு. உன் கட்டம் காலியா இருக்கு. பரீட்சைக்கு படிக்கிறப்போகூட பிடிச்ச படம் அஞ்சு, பிடிக்காத படம் மூணுன்னு எழுதிக் குடுத்துட்டுதானே கரும்பு கடிப்ப. கனடா போன முதல் வருஷம் அங்க நடு ராத்திரி, தூங்காம இருந்து அனுப்புன. வேலை அதிகமா இருக்கும், எனக்குத் தெரியும். கேக்கணும்னு கேக்கல. ராத்திரி சாப்பாட்ட மட்டும் விடாத.

அப்பாவுக்கு எப்பவும் போல 1994ல வந்த லயன் கிங்தான் முதல் இடம், கடைசி இடம் 2019ல திரும்ப எடுத்த லயன் கிங். ஒரே கதைய மேலயும் கீழயும் வைக்கிறாரேன்னு மாடி வீட்டு பொண்ணு கேட்டுச்சு. புது சிங்கம் நிஜ சிங்கம் மாதிரியே இருக்குமா, முடி முடியா தெரியும், ஆனா அப்பன் செத்துக் கிடக்கும்போது அந்தக் குட்டி மூஞ்சில ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. தமிழ்ல அரவிந்த்சாமி அந்தக் கெட்ட சித்தப்பனுக்கு பேசின குரல் மட்டும் நல்லா இருந்துச்சு. கோச்சடையான அஞ்சாவது இடத்துலயே வச்சிருக்காரு, 2014லேர்ந்து அதை யாரும் அசைக்க முடியல. கண்ணுல உயிர் இல்லன்னு நீ எவ்வளவு சண்ட போட்ட, தலைவர் குரல் கேட்டா எனக்குப் போதும்டான்னு அவரு முடிச்சிட்டாரு.

எனக்கு முதல் இடம் ஃபைண்டிங் நீமோ. மாத்தவே மாட்டேன். ஊர்ல நம்ம கடை இருந்தப்போ அப்பா வாடகைக்கு எடுத்துட்டு வந்த ரெண்டு சிடி, உனக்கு எட்டு வயசு, என் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா தமிழ்ல சொன்ன. தெரியாத வார்த்தைக்கு நீயா ஒண்ணு போட்டுக்குவ. நானூறுக்கு மேல முட்டை இருந்துச்சும்மா, பெரிய மீன் வந்து எல்லாத்தையும் தின்னுடுச்சு, அம்மாவையும்தான், ஒரே ஒரு முட்டைதான் மிச்சம்னு சொல்லிட்டு என் கைய புடிச்சுக்கிட்ட. கட கல்லாவுல உக்காந்து வர்றவங்ககிட்டயெல்லாம் எம் புள்ள முழு இங்கிலீஷ் படத்தையும் தமிழ்ல சொல்லிட்டான்னு ஒரு மாசம் சொல்லிட்டு இருந்தேன். இப்பவும் சொல்லுவேன். நீ மட்டும் அதை ஆறாவது இடத்துக்கு மேல ஏத்தவே இல்ல, அந்த அப்பா ரொம்ப ஓவர்மான்னு சொல்லுவ. உனக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்னு அவன் மகனுக்கு வாக்கு குடுத்தத சொல்லும்போது, அப்படின்னா அவனுக்கு எதுவுமே நடக்காதேன்னு அந்த மறதிக்கார நீல மீன் கேக்கும்ல, அந்த இடத்துல என்னைத் திரும்பிப் பார்ப்ப. பார்க்கட்டும்னு இருப்பேன். ஒத்தப் புள்ள வச்சிருக்கவளுக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது டோட்டோரோ. நீ கோயம்புத்தூர் காலேஜ்லேர்ந்து லேப்டாப்ல கொண்டு வந்து காட்டின ஜப்பான் படம். 1988ல மியாசாகி எடுத்தது, அவரோட அம்மாவும் சின்ன வயசுல வருஷக்கணக்கா படுத்த படுக்கையா இருந்தாங்கன்னு நீதான் சொன்ன. அதுல சண்டையும் கிடையாது வில்லனும் கிடையாது, அம்மா ஆஸ்பத்திரியில, ரெண்டு பொண்ணுங்க அப்பாவோட கிராமத்து வீட்ல. சின்னவ ஒரு சோளக்கதிர நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இதைச் சாப்பிட்டா அம்மாவுக்குச் சரியாயிடும்னு தனியா ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பிச்சிடுவா. கடைசில ஆஸ்பத்திரி ஜன்னல்ல அந்தக் கதிர் இருக்கும், தோல்ல அம்மாவுக்குன்னு கீறியிருக்கும். ஆனா தம்பி, இந்தத் தடவ பார்க்கும்போது எனக்குச் சின்னவள விட பெரியவதான் கண்ணுல நின்னா. படம் பூரா சமைச்சு, தங்கச்சிக்கு டிபன் கட்டி, சிரிச்சுக்கிட்டே திரிவா, ஆஸ்பத்திரியிலேர்ந்து தந்தி வந்ததும் பக்கத்து வீட்டு பாட்டி முன்னாடி நின்னு ஓன்னு அழுவா. இத்தன வருஷம் அந்த அழுகை எனக்குப் பெருசா படவே இல்ல.

மூணாவது டாய் ஸ்டோரி 3, உனக்கு அது முதல் இடம். 2010ல தியேட்டர்ல பார்த்தோம், பொம்மையெல்லாம் கையக் கோத்துக்கிட்டு நெருப்புக்குப் போற இடத்துல நீ மூச்சே விடல. எனக்கு அது இல்ல. பையன் காலேஜுக்குப் போறான், அவங்கம்மா காலி ரூமுக்குள்ள வந்து நின்னு ஒரு நிமிஷம் பேச முடியாம நிப்பா பாரு, அதான். ரெண்டு வருஷம் கழிச்சு நீயும் அவன் வயசுல பெட்டி கட்டின. நான் மாடி ரூமுக்கு ரெண்டு நாள் போகவே இல்ல.

'அப்' படம் இந்த வருஷம் அஞ்சுலேர்ந்து நாலுக்கு வந்துடுச்சு, கோக்கோ ஒண்ணு இறங்கிடுச்சு, அந்தப் பையன் கொள்ளுப் பாட்டிக்கு பாடிக் காட்டுறது அப்படியே மனசுலதான் இருக்கு, இருந்தாலும் அப். அதுல ஆரம்பத்துல அந்தப் புருஷன் பொண்டாட்டி வாழ்க்கைய காட்டுற நாலஞ்சு நிமிஷம் நீ எனக்கு மொழிபெயர்க்கவே தேவையில்லாம போச்சு, பேச்சே கிடையாது. ரெண்டு பேரும் அருவி பார்க்கப் போறதுக்கு உண்டியல்ல காசு சேப்பாங்க, வண்டி டயர் போகும், காலு உடையும், கூரை மேல மரம் விழும், ஒவ்வொரு தடவையும் உண்டியல உடைப்பாங்க. நம்ம வீட்டு கதைதான். நடுவுல ஒரு ஆஸ்பத்திரி ரூம் வரும், அந்தப் பொண்ணு முகத்த மூடிக்கிட்டு உக்காந்திருப்பா, இவன் பின்னாடி நின்னு தோள்ல கை வச்சிருப்பான். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. திண்டுக்கல் கல்யாணத்துல சித்தி அவ்வளவு பேர் முன்னாடி மருமககிட்ட அப்படிக் கேட்டப்போ நான் குறுக்க விழுந்து தடுத்திருக்கணும். பந்தி பரிமாறுறேன்னு போயிட்டேன். அவ சாப்பிடாமயே எந்திரிச்சா, பார்த்தேன்.

அவ நல்லா இருக்காளா? தீபாவளிக்கு பேசினப்போ தூங்குறான்னு சொன்ன, கார்த்திகைக்கும் தூங்குறான்னு சொன்ன. குளிர் ஊருல தூக்கம் வரத்தான் செய்யும். டிபில கூட இப்ப ஏதோ ஏரி படம் வச்சிருக்க, நல்லா இருக்கு, நீ எடுத்ததா? ராத்திரி சாப்பாட்ட விடாத தம்பி, மோராவது ஊத்தி ஒரு வாய்.

2018ல நீ ஒரு குட்டிப் படம் அனுப்புன, பாவ்னு. உங்க டொராண்டோல வளர்ந்த சீனாக்காரப் பொண்ணு டோமி ஷி எடுத்தது, ஆஸ்கார் வாங்கிச்சு. கொழுக்கட்டை ஒண்ணுக்கு உசுரு வந்து புள்ளையாயிடும், அவ குளிப்பாட்டி வளத்துவா, பெருசாகி ஒருத்திய கூட்டிட்டு வந்து கிளம்புறேன்னு நிக்கும், போகக் கூடாதுன்னு இழுப்பா, இழுத்து கடைசில எடுத்து வாயில போட்டு முழுங்கிடுவா. உங்க கல்யாணப் பேச்சு நடந்துட்டு இருந்தப்போ அனுப்புனியா, என்னைத்தான் சொல்றான்னு எனக்கு எவ்வளவு கோவம். எட்டு நிமிஷமெல்லாம் படமே இல்லன்னு லிஸ்ட்லயே சேக்கல. முந்தாநாள் அதையும் போட்டுப் பார்த்தேன். முழுங்கினதோட அன்னிக்கு நிறுத்திட்டேன் போல, மீதி எனக்கு ஞாபகமே இல்ல. நிஜப் புள்ள வந்து கட்டில்ல பக்கத்துல உக்காருவான், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம பன்னு தின்னுக்கிட்டே அழுவாங்க. அப்புறம் மேசைல எல்லாரும் உக்காந்து கொழுக்கட்டை பிடிப்பாங்க, அவனுக்கு வராது, மருமக அழகா மடிப்பு வச்சிடுவா. நம்ம வீட்டுக்கு பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தப்போ இவளும் அப்படித்தான் பிடிச்சா, ஒரே தடவ காட்டினேன். அன்னிக்கு நல்லா இருக்குன்னு வாய் திறந்து சொன்னேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன்.

இப்ப கடைசி இடத்துக்கு வரேன், இதுக்குத்தான் மூணு நாளா டைப் பண்றேன். பத்து வருஷமா என் லிஸ்ட்ல கடைசி இடம் இன்சைட் அவுட். காரணம்னு போட்ட கட்டத்துல 'புரியல'ன்னு எழுதியிருக்கேன். நீ கார்ஸ் 2வ கடைசில போட்டப்போ அரைப் பக்கம் எழுதுன, நான் ஒரே வார்த்தை.

2015ல லீவுக்கு வந்தப்போ பார்த்தோம். பதினோரு வயசுப் பொண்ணு, மினசோட்டாலேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வீடு மாறிப் போறாங்க, அவ மண்டைக்குள்ள சந்தோஷம், துக்கம், கோவம், பயம், அருவருப்புன்னு அஞ்சு பேர் உக்காந்து ஓட்டுறாங்க. சாமான் லாரி வரல, அவ தரைல படுத்திருக்கா, அவங்கம்மா உள்ள வந்து குனிஞ்சு ஏதோ சொல்லுவா. அதுவரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்த நீ அந்த இடத்துல மட்டும் நிறுத்திட்ட. என்னடா சொல்றான்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, குட்நைட் சொல்றான்னு சொன்ன.

போன வாரம் மாடி வீட்டு பொண்ணு வந்து உக்காந்து அதே படத்த எனக்குச் சொல்லிட்டே வந்துச்சு. அப்பாவுக்கு ரொம்ப டென்ஷனாம் ஆன்ட்டி, நீயும் நானும் சிரிச்சுக்கிட்டே இருந்தா அவருக்கு உதவியா இருக்கும்னு சொல்றாங்க, அப்படின்னு சொல்லிச்சு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது, எந்திரிக்கல.

தம்பி, எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. வார்த்தை தெரியாது, ஆனா அந்தம்மா குனிஞ்ச விதமும் அவ குரல் இறங்கினதும் எனக்குத் தெரியும். கடைய மூடிட்டு 2006ல குளத்தூருக்கு வந்த முதல் ராத்திரி, அந்த ஒத்த ரூம்ல, விக்காத அண்டாவும் குடமும் சாக்கு மூட்டையா சுத்தி அடுக்கியிருக்கு, நீ பாய்ல சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த. உனக்கும் பதினொண்ணு. ஊருணி கரைல விளையாடுற பசங்க பேரையெல்லாம் சொல்லி எப்பம்மா திரும்பப் போவோம்னு பகல்ல ரெண்டு தடவ கேட்டிருந்த. நான் உன் தலையத் தடவிக்கிட்டே சொன்னேன், அப்பா ரொம்ப நொந்து போயிருக்காரு, நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, ஆம்பளப் புள்ள அழக்கூடாது, நீ சிரிச்சாத்தான் அப்பா எந்திரிச்சு நிப்பாருன்னு. நீ திரும்பிச் சிரிச்ச. இருட்டுல பல்லு மட்டும் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஊருணிய பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கல. நானும் எம் புள்ள தங்கம், ஒரு நாள் முகம் சுளிச்சதில்லன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன். உன்கிட்டேர்ந்து எதைப் புடுங்கிட்டு பெருமைப்பட்டேன்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. ஒவ்வொரு வீடியோ கால்லயும் முதல்ல அந்தச் சிரிப்புதான் வருது. நான் சொல்லிக் குடுத்த சிரிப்பு தம்பி அது, எனக்குத் தெரியாதா.

படத்துல அந்தப் பொண்ணு பஸ் ஏறி ஓடப் பார்த்துட்டுத் திரும்பி வருவா. நான் சந்தோஷமா இருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க, ஆனா எனக்குப் பழைய வீடு வேணும், பழைய பசங்க வேணும், என் மேல கோவப்படாதீங்கன்னு சொல்லி அழுவா. கோவமே இல்லன்னு சொல்லிட்டு அம்மாவும் அப்பாவும் எங்களுக்கும் அந்த ஊர் நெனப்புதான்னு அவளக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. டைரக்டர் பீட் டாக்டரோட பொண்ணு பதினோரு வயசுல திடீர்னு பேச்சக் குறைச்சிக்கிட்டாளாம், அதுலேர்ந்துதான் அவருக்கு இந்தக் கதையே வந்துச்சாம். அவரு படம் எடுத்தாரு. நான் எம் புள்ள பேச்சக் குறைச்சத சமத்துன்னு எடுத்துக்கிட்டேன்.

காலண்டர் அட்டைல இன்சைட் அவுட்ட அடிச்சிட்டேன். எந்த இடத்துல போடுறதுன்னு தெரியல, நீமோவுக்கு மேல போட கை வரல, ஓரமா எழுதி வச்சிருக்கேன். நீ சொல்லு எங்க போடலாம்னு. அஞ்சும் மூணும் முழுசா வேண்டாம், பிடிக்காத மூணு மட்டும் அனுப்பினாலும் போதும். படமா இல்லாட்டியும் பரவால்ல.

ஞாயித்துக்கிழமை கூப்பிடு. உனக்கு எந்த நேரம் தோதோ அப்ப, இங்க நடு ராத்திரியானாலும் நான் முழிச்சுத்தான் இருப்பேன். வீடியோ வேண்டாம்பா, சும்மா போன் போடு. அப்பா பக்கத்துல இருக்க மாட்டாரு, மொட்டை மாடிக்குப் போயிடுறேன்.

பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் பார்சல் போட்டிருக்கேன், ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டேன். ராத்திரி சாப்பிடு.

அம்மா