அந்தக் குட்டி லிவர் எங்கே நிற்கிறது, தாயி?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் சொன்னாயே, பழைய ஜீப்பை ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏற்றும்போது 40 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங் முரண்டு பிடித்தது, டயர் கிறீச்சிட்டது, யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருந்தது என்று. அங்குள்ள மெக்கானிக் கிங் பின், அதாவது முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி, மாற்றச் சொல்கிறாராம். பொறு தாயி, காசை இறைக்காதே. கியர் ராடுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி லிவரை முதலில் பார். ஃபோர் வீலில், அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற நிலையில், நின்றால் அதுதான் வினை.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் அது ஒரே வேகத்தில் பூட்டிவிடும், ஆனால் வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அகலமாக வட்டம் போட வேண்டும். களத்தில் பிணையல் ஓட்டும்போது உள்மாடு நின்ற இடத்தில் சுற்ற, வெளிமாடு ஓட்டமும் நடையுமாக வருமே, இரண்டும் ஒரே அடி வைத்தால் என்னாகும்? சகதி என்றால் டயர் சறுக்கி முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் அத்தனை முறுக்கும் பெட்டிக்குள்தான் ஏறும்.

நானே பட்டிருக்கிறேன். கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் சேற்றில் ஃபோர் வீல் போட்டவன், எடுக்க மறந்து திருமங்கலம் வரை தாரிலேயே வந்துவிட்டேன். லிவர் அசையவே இல்லை. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கியதும் டங்கென்று தானாகச் சுற்றியது, விரல் தப்பியது பெரிய விஷயம். நீ அந்த வேலை பார்க்காதே. மண் பாதையில் நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடு, லிவர் கழன்று வரும்.

அப்புறம் அந்தப் பெட்டியின் ஆயில். வடிக்கும் முன் ஊற்றுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொள். அது வராது என்று தெரியாமல் கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு முழித்தவர்கள் நிறைய. உன் வண்டியில் பல்சக்கரப் பெட்டி, 90 நம்பர் ஆயிலை ஓட்டை விளிம்பு வரை ஊற்று. செயின் வைத்த புது வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், அதை இதில் ஊற்றிவிடாதே. வடிந்ததில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பரவாயில்லை, விரலில் நிரடுகிற துண்டு வந்தால் உடனே போன் போடு. பெட்டி மூச்சுவிடுகிற சிறு துளையான பிரீதரைச் சேறு அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசியும், புது சீல் மாட்டினாலும் நிற்காது. நாலு டயரும் ஒரே சைஸ்தானே? மாறியிருந்தாலும் ஃபோர் வீலில் இதே முறுக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு லிட்டர் ஆயிலும் அம்மா இடித்த பருப்புப்பொடியும் பையில் இருக்கும்.

அப்பா